12 பேருக்கு மேல வரக்கூடாது

டாக்ஸ் விஷயமா ஒரு பேப்பர நேர்ல குடுக்கணும்னு மன்ஹாட்டன் போனவன், திரும்பி வரும்போது சுடுகாட்டப் பாத்துட்டு வந்தேன். சுடுகாடுன்னு வாயில வர்றது பழக்கதோஷம், அங்க யாரையும் சுடல, பொதைச்சாங்க, இடுகாடுன்னு சொல்லணும். போன வருஷம் நடந்தது, எழுதணும் எழுதணும்னு டிராஃப்ட்ல கெடந்துச்சு, இன்னிக்கு லீவு, பொண்டாட்டி பிள்ளைங்க எல்லாம் சித்தி வீட்டுக்குப் போயிருக்காங்க, சரின்னு ஒக்காந்துட்டேன்.

எடம் 290 பிராட்வே. ஜெர்சி பக்கம் இருக்கற நம்மாளுங்களுக்கு வழி சொல்றது ஈஸி, இமிக்ரேஷன் வேலையா 26 ஃபெடரல் பிளாசாவுக்கு ஒருதடவையாவது போயிருப்பீங்கல்ல, அதுக்குப் பக்கத்துலயே டுவேன் ஸ்ட்ரீட்டத் தாண்டினா ஒரு 34 மாடி கவர்மெண்ட் பில்டிங், டெட் வைஸ் ஃபெடரல் பில்டிங்னு பேரு, அதான். உள்ள போறதுக்கு ஏர்போர்ட் மாதிரி செக்கிங், பெல்ட்டு வாட்சு எல்லாம் கழட்டி ட்ரேல போட்டுட்டு பேண்ட்ட ஒரு கையால புடிச்சிக்கிட்டு நடக்கணும். என் வேலை அரைமணில முடிஞ்சிடுச்சு. வெளிய வந்தா மழை, குடை இல்ல, ஆபீஸுக்கு மத்தியானம் வரைக்கும் லீவு சொல்லியாச்சு. அதே பில்டிங்ல இன்னொரு கதவு, மேல ஆஃப்ரிக்கன் பரியல் கிரவுண்ட்னு எழுதியிருக்கு, டிக்கெட் கெடையாதுன்னு போட்டிருந்தாங்க. மழைக்கு ஒதுங்கினேன், அவ்ளோதான். அறிவுத்தேடல்லாம் ஒண்ணும் இல்ல. அங்கயும் மறுபடி பெல்ட்டைக் கழட்ட சொன்னாங்க.

உள்ள நடுவுல ஆளுயர பொம்மைங்க. ஒரு சாவு நடக்குது. தரையில ரெண்டு பெட்டி, ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது, பெரியவர் ஒருத்தருக்கும் ஒரு கொழந்தைக்கும். சுத்தி கொஞ்சம் பேரு நிக்கறாங்க, ஆம்பளைங்க பொம்பளைங்க எல்லாம் பழைய காலத்து உடுப்புல, எல்லாரும் கறுப்பினத்தவங்க. நான் மொதல்ல இது சும்மா ம்யூசியம் பொம்மைன்னுதான் பாத்துட்டு நகந்தேன். பக்கத்துச் செவுத்துல எழுதியிருந்ததப் படிச்சப்பதான் கால் நின்னுச்சு. 1731-ல நியூயார்க் நகர கவுன்சில் ஒரு சட்டம் போட்டிருக்கு, அடிமைங்களோட சாவுக்கு 12 பேருக்கு மேல கூடக்கூடாது. பெட்டி மேல துணி போத்தக்கூடாது. சாவுக்கு வந்தவங்களுக்கு கையுறை மாதிரி மரியாதைப் பொருள் எதுவும் குடுக்கக்கூடாது. அதுக்கு முன்னாடியே 1722-ல இன்னொரு சட்டம், பகல் வெளிச்சத்துலதான் பொதைக்கணும், ராத்திரில கூடாது. 12 பேருக்கு மேல கூடினா சவுக்கடி.

12 பேரு. அத படிச்ச ஒடனே எனக்கு என்ன ஞாபகம் வந்துச்சுன்னு கடைசில சொல்றேன், இப்ப சொன்னா எழுத வேண்டியத எழுத முடியாது.

முதல்ல ஒரு விஷயம். நியூயார்க்ல அடிமைங்க இருந்தாங்கன்னே எனக்குத் தெரியாது, வெக்கத்த விட்டு சொல்றேன். அடிமைன்னா தெக்க, பருத்திக்காடு, ஜார்ஜியா, மிசிசிப்பி, சினிமால பாத்ததுதான். இங்க பதிமூணு வருஷமா இருக்கேன், வால் ஸ்ட்ரீட்ல ஒரு பேங்க்குக்கு கான்ட்ராக்ட்ல ரெண்டு வருஷம் வேலை பாத்திருக்கேன், தெனம் அந்த தெரு வழியா காபி கப்போட நடந்திருக்கேன். அந்தத் தெருவுக்கு வால் ஸ்ட்ரீட்னு பேர் வந்ததே டச்சுக்காரங்க 1653-ல கட்டின மதில்னால, அதுக்கு மரம் சொமந்து நட்டதுல அடிமைங்க உண்டு. அதே தெரு ஆத்தங்கரையில முடியற எடத்துல 1711-லேர்ந்து 1762 வரைக்கும் அடிமைச் சந்தை இருந்துச்சு. ஆள வாங்கறது மட்டும் இல்ல, நாள் கூலிக்கு வாடகைக்கு எடுக்கறதும் அங்கதான். அத சொல்ற ஒரு பலகையே 2015-லதான் நட்டாங்க. நான் அந்தப் பலகை பக்கத்துல நின்னு ஃபோன் பேசியிருப்பேன், நிச்சயமா.

ஆரம்பம் 1626 வாக்குல. டச்சு வெஸ்ட் இண்டியா கம்பெனி 11 ஆம்பளைங்கள கொண்டு வந்து எறக்குது. அவங்க பேருல சிலது ஏட்டுல இருக்கு, பாவ்லோ டி அங்கோலா, சைமன் காங்கோ, அந்தோனி போர்ச்சுகீஸ். பேரப் பாருங்க, ஊர்ப் பேரத்தான் பேரா வெச்சிருக்காங்க, எங்கேர்ந்து புடிச்சாங்களோ அது. ரோடு போட்டது, கோட்டை கட்டினது, காட்ட வெட்டினது எல்லாம் இவங்க. 1644-ல இந்த 11 பேரும் எங்கள விடுங்கன்னு மனு போட்டு, கம்பெனி 'பாதி சுதந்திரம்' குடுத்துச்சு. பாதின்னா என்னன்னா, நீ விடுதலை, நெலம் வெச்சுக்கோ, ஆனா வருஷா வருஷம் விளைச்சல்ல கம்பெனிக்கு கப்பம் கட்டணும், கூப்பிட்டா வேலைக்கு வரணும், உனக்குப் பொறந்த புள்ளைங்க, இனி பொறக்கப் போற புள்ளைங்க எல்லாம் அடிமை. கம்பெனிக்காரன் மூளைய எந்த காலத்துலயும் நம்மளால புரிஞ்சிக்க முடியாது.

அப்புறம் இங்கிலீஷ்காரன் வந்தான், அந்தப் பாதியும் தேஞ்சு போச்சு. 1703 கணக்குப்படி ஊர்ல 40 சதவீதத்துக்கும் மேல வீடுங்கள்ல அடிமை இருந்திருக்காங்க. பெரிய பண்ணைக்காரன் மட்டும் இல்ல, ரொட்டி சுடறவன், பீப்பா செய்யறவன், தையக்காரன் வீட்டுலகூட ஒருத்தர் ரெண்டு பேரு, மாடிப்பரண்லயோ அடுப்படி ஓரத்துலயோ படுத்துக்கிட்டு. தெக்க பண்ணைல நூறு பேர் சேந்தாவது இருந்தாங்க, இங்க வீட்டுக்கு ஒருத்தர், புருஷன் ஒரு வீட்டுல பொண்டாட்டி ஒரு வீட்டுல புள்ளை இன்னொரு வீட்டுல. இவங்க எல்லாரும் ஒண்ணா கூடறதுக்குன்னு இருந்த பெரிய சாக்கு சாவு. அதனாலதான் அந்த 12. 1712-ல ஒரு கலகம் வெடிச்சு, வெள்ளக்காரங்க ஒம்பது பேர் செத்து, பதிலுக்கு 21 பேர கொடூரமா கொன்னாங்க. அதுலேர்ந்து நாலு கறுப்பர் சேந்து நின்னாலே ஊருக்கு வயித்தக் கலக்க ஆரம்பிச்சிடுச்சு. சாவு வீட்டுல கூடி அழுவுறாங்களா, இல்ல திட்டம் போடுறாங்களா? ராத்திரி சாவுன்னா இன்னும் சந்தேகம். சட்டம் போட்டும் பயம் போகல, 1741-ல ஊர்ல வரிசையா தீ புடிக்க, சதின்னு சொல்லி 13 கறுப்பர்கள உயிரோட எரிச்சு 17 பேர தூக்குல போட்டாங்க.

சரி, பொதைக்க எடம்? 1697-ல ட்ரினிட்டி சர்ச் ஒரு உத்தரவு போட்டுச்சு, எங்க சர்ச் வளாகத்துல நீக்ரோக்கள பொதைக்கக் கூடாது. அப்ப அந்த வார்த்தைதான் புழக்கம். பிராட்வேயும் வால் ஸ்ட்ரீட்டும் முட்டற எடத்துல இன்னிக்கும் நிக்குதே, டூரிஸ்ட் எல்லாம் ஃபோட்டோ எடுக்கற சர்ச், அதே சபைதான். அதுனால பொணத்த ஊருக்கு வெளிய, வடக்க, ஒரு ஏரிக்கரைப் பக்கம் பள்ளத்துல, யாருக்கும் வேண்டாத நெலத்துல கொண்டு போய் பொதைச்சாங்க. இத படிச்சப்ப எனக்கு அதிர்ச்சியே வரல, அதுதான் எனக்கு அதிர்ச்சி. தஞ்சாவூர் ஜில்லாவுல எங்க ஊர்லயும் ரெண்டு சுடுகாடு, ரெண்டு பாதை. எங்க வீட்டு சாவுக்கு தப்படிக்க வர்றவங்க செத்தா எரியற எடம் வேற, அது வாய்க்காலுக்கு அந்தப்பக்கம், மழை காலத்துல முழங்கால் தண்ணில பாடையத் தூக்கிட்டுப் போவாங்க. சின்ன வயசுல அத திண்ணைல ஒக்காந்து வேடிக்க பாத்திருக்கேன். வேற ஊரோட அநியாயத்தப் படிக்கறப்ப பட்டுனு புரிஞ்சிடுச்சுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல.

அந்தப் பள்ளத்துல சுமார் நூறு வருஷம், 1690-கள்லேர்ந்து 1794 வரைக்கும் பொதைச்சிருக்காங்க. கிட்டத்தட்ட 6 ஏக்கரு. மொத்தம் 15,000 பேர் வரைக்கும் இருக்கலாம்னு மதிப்பீடு. நிம்மதியா கெடக்க விட்டாங்களான்னா அதுவும் இல்ல. 1780-கள்ல டாக்டருக்குப் படிக்கற பசங்க அறுத்துப் பாக்க பொணம் வேணும்னு ராத்திரில வந்து தோண்டி எடுத்துட்டுப் போயிருக்காங்க. 1788 பிப்ரவரில கறுப்பர்கள், அடிமைங்களும் விடுதலை ஆனவங்களும் சேந்து, நகர கவுன்சிலுக்கு மனு போட்டாங்க, எங்க சொந்தக்காரங்களத் தோண்டறாங்க, தடுங்கன்னு. ஒருத்தனும் கண்டுக்கல. அதே மாசம் ட்ரினிட்டி சர்ச்சோட வளாகத்துலேர்ந்து ஒரு வெள்ளைக்காரப் பொம்பளையோட பொணம் காணாம போச்சுன்னு சேதி பரவ, ரெண்டு மாசத்துல ஊரே திரண்டு ஆஸ்பத்திரிய அடிச்சு நொறுக்கி, துப்பாக்கிச் சூடு வரைக்கும் போயி, பல பேர் செத்தாங்க. பெரிய தலைவர் ஜான் ஜே, பின்னாடி அமெரிக்காவோட மொத தலைமை நீதிபதி ஆனவரு, சமாதானம் பண்ணப் போனவருக்கு கல்லடி பட்டு மண்டை ஒடஞ்சுது. அடுத்த வருஷமே பொணத்திருட்டுக்கு எதிரா சட்டம் வந்துடுச்சு. மனு போட்டப்ப வராத சட்டம்.

1795-ல நெலத்துக்கு சொந்தம் கொண்டாடினவங்களோட வாரிசுங்க பிளாட்டு போட்டு வித்துட்டாங்க. பள்ளமா இருந்ததால மண்ணக் கொட்டி ரொப்பி மேடாக்கினாங்க, சில எடத்துல 20 அடிக்கும் மேல. அதுக்கு மேல வீடு, கடை, ஆபீஸு. 1846-ல அமெரிக்காவோட மொத பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோர்கள்ல ஒண்ணு அந்த நெலத்து மேலதான் வந்துச்சு, பளிங்குக்கல் கட்டடம், இன்னும் 280 பிராட்வேல நிக்குது. நியூயார்க் மாநிலத்துல அடிமை முறை முழுசா ஒழிஞ்சது 1827-ல, அதுக்குள்ள கீழ ஒரு இடுகாடு இருந்ததே பேச்சுல இல்ல.

மறந்துட்டாங்கன்னு பலரும் எழுதறாங்க. எனக்கு அந்த வார்த்த ஒத்துக்கல. 1755-ல மேர்ஷாக்ங்கறவர் போட்ட நகர வரைபடத்துல பளிச்சுனு 'நீக்ரோக்கள் இடுகாடு'ன்னு எழுதியிருக்கு, அந்த மேப் லைப்ரரில யார் கேட்டாலும் கெடைக்கும். 1990-ல ஃபெடரல் கவர்மெண்ட் அந்த எடத்த நகராட்சிகிட்டேர்ந்து வாங்கினப்போ அவங்க அமத்தின ஆய்வாளருங்களும் அந்த மேப்பப் பாத்துட்டு, ஆமா இங்க இடுகாடு இருந்துச்சுன்னு ரிப்போர்ட்லயே எழுதினாங்க. எழுதிட்டு, நூறு வருஷமா பேஸ்மெண்ட் தோண்டித் தோண்டி எல்லாம் அழிஞ்சிருக்கும், பழைய சந்து ஒண்ணு இருக்கு, அதுக்கு அடியில வேணா ஏதாவது மிஞ்சியிருக்கலாம்னு சொல்லிட்டாங்க. ஆக தெரியாம இல்ல, மிச்சம் இருக்காதுன்னு ஒரு நம்பிக்கை, நம்ம பக்கம் ஏரிய பிளாட்டு போடறவன் சொல்ற மாதிரி, சார் அதெல்லாம் எப்பவோ வத்திப் போச்சு சார்.

1991-ல தோண்டறாங்க. எலும்புக்கூடு வருது. ஒண்ணு, அப்புறம் அஞ்சு, அப்புறம் அம்பது. 20 அடி மண்ணு போட்டு மூடினாங்கல்ல, அந்த மண்ணுதான் காப்பாத்தியிருக்கு, பேஸ்மெண்ட் எல்லாம் அந்த மண்ணோடவே நின்னுடுச்சு, கீழ இருந்தவங்கள தொடவே இல்ல. அக்டோபர்ல விஷயம் வெளிய வந்துச்சு. அதிகாரிங்களுக்கு ஒரே அவசரம், 34 மாடி காண்ட்ராக்ட் ஓடிட்டிருக்கு, ஒருநாள் லேட்டானா எவ்ளோ காசு. ஒருபக்கம் தோண்டி எடுத்துக்கிட்டே இன்னொரு பக்கம் கட்டட வேலை. 1992 ஆரம்பத்துல கான்க்ரீட் வேலைல பல கல்லறைங்க நாசமாச்சு, பழைய வரைபடத்த வெச்சு வேல பாத்துட்டோம்னு காரணம் சொன்னாங்க. எடுத்த எலும்புங்கள நியூஸ் பேப்பர்ல சுத்தி அட்டப்பெட்டில போட்டு வெச்சிருந்தாங்க, பூசணம் புடிச்சுது. நியூயார்க் கறுப்பினத்தவங்க ரோட்டுக்கு வந்தாங்க, கட்டட வாசல்ல ராத்திரி முழுக்க மெழுகுவத்தி ஏத்தி ஒக்காந்தாங்க, பூசை பண்ணினாங்க, ட்ரம் அடிச்சாங்க. மேயர் டிங்கின்ஸ், நகரத்தோட மொத கறுப்பின மேயர், நிறுத்துங்கன்னாரு, ஃபெடரல் ஆபீஸு நீங்க யாரு சொல்றதுக்குன்னுச்சு. கடைசில சிகாகோ எம்பி கஸ் சாவேஜ், கமிட்டி தலைவரா இருந்தவரு, விசாரணை வெச்சு, உங்க ஆபீஸுக்கு என் கமிட்டிலேர்ந்து இனிமே பைசா போகாதுன்னு சொன்ன ஒடனே வேலை நின்னுச்சு. எந்த ஊரா இருந்தாலும் ஃபைல் நகர்றதும் நிக்கறதும் பைசாவுலதான். அதுக்குள்ள 419 பேர வெளிய எடுத்தாச்சு. பெரிய டவரு வந்துச்சு, பக்கத்துல வர இருந்த சின்ன கட்டடம் வரல, அந்தக் காலி எடம்தான் இன்னிக்கு நினைவிடம்.

419 பேரும் வாஷிங்டன்ல இருக்கற ஹோவர்ட் யுனிவர்சிட்டிக்குப் போனாங்க, கறுப்பினத்தவங்களுக்காக தொடங்கின யுனிவர்சிட்டி. மைக்கேல் பிளேக்கிங்கற மானுடவியலாளர் தலைமைல வருஷக்கணக்கா ஆராய்ச்சி. அவரு செஞ்சதுல எனக்குப் புடிச்சது என்னன்னா, நீங்க யாருகிட்ட அனுமதி வாங்கணும்னு கேட்டதுக்கு, இவங்களோட வாரிசு சமூகம்னு ஒண்ணு இருக்கு, என்ன கேள்வி கேக்கணும்னே அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் ஆரம்பிப்பேன்னாரு. அவங்க கேட்ட கேள்விங்க ரொம்ப எளிமையானது. எங்கேர்ந்து வந்தாங்க, எப்படி வாழ்ந்தாங்க, எப்படி எதிர்த்தாங்க.

பதில் எலும்புல இருந்துச்சு. சொமை தூக்கித் தூக்கி கழுத்தெலும்பு நசுங்கியிருக்கு, தசை இழுத்த எடத்துல எலும்பு கிழிஞ்சிருக்கு, பொம்பளைங்களுக்கும் அதே அளவு. கிட்டத்தட்ட பாதி பேரு கொழந்தைங்க. கொழந்தைங்களோட பல்லு எனாமல்ல கோடு கோடா இருக்கு, சாப்பாடு இல்லாம, நோயில கெடந்த மாசமெல்லாம் வளர்ச்சி நின்ன அடையாளம். சிலரோட முன்பல்லு கூரா, இல்ல மணல் கடிகாரம் மாதிரி அராவியிருக்கு, அது ஆஃப்ரிக்கால சில இனங்களோட வழக்கம், அதனால அவங்க அங்க பொறந்து வளந்து வந்தவங்கன்னு தெரியும். இருபது இருபத்திரெண்டு வயசு பொண்ணு ஒருத்தி, 25-ம் நம்பர் கல்லறை, விலா எலும்புக்குள்ள துப்பாக்கி குண்டு, மூஞ்சில அடி, கைய முறுக்கின முறிவு. எதிர்த்தாங்களான்னு கேட்டதுக்கு அவ ஒருத்தி போதும்னு எனக்குத் தோணுச்சு. இன்னொரு பெட்டில ஒரு அம்மா, வலது கை மடிப்புல பச்சக்கொழந்தை.

நம்பர்தான் எல்லாருக்கும். பேரு ஒருத்தருக்கும் தெரியாது.

இத்தன நேரம் சொன்னது எல்லாம் அவங்களுக்கு மத்தவங்க செஞ்சது. நான் மறுபடி அங்க போகணும்னு நெனச்சது அவங்களுக்கு அவங்களே செஞ்சத பாக்கறதுக்கு. ரெண்டு வாரம் கழிச்சு சனிக்கிழமை பொண்டாட்டியையும் கூட்டிட்டுப் போனேன். ம்யூசியம்னாலே அவளுக்கு கால் வலி வந்துடும், போர்டு படிக்கவே மாட்டா, பொருளத்தான் பாப்பா. பெரும்பாலும் எல்லாருமே பெட்டில வெச்சுத்தான் பொதைச்சிருக்காங்க, தலை மேக்க, மூஞ்சி கெழக்க பாக்கற மாதிரி. ஒடம்ப துணியால சுத்தி, பித்தளை குண்டூசி குத்தியிருக்காங்க, துணி மக்கிப் போச்சு, ஊசி இருக்கு. சிலருக்கு கண்ணு மேல செப்புக் காசு. "ஏங்க, நெத்திக்காசு மாதிரி" அப்படின்னா. ஒருத்தரோட கோட்டு பட்டன்ல நங்கூரம், கப்பல்ல வேலை பாத்திருப்பாரு போல. 101-ம் நம்பர் பெட்டி மூடி மேல சின்னச் சின்ன ஆணியா அடிச்சு இதய வடிவத்துல ஒரு கோலம், 51 ஆணி. அது கானா பக்கத்து அகான் மக்களோட 'சன்கோஃபா' சின்னம், போனத திரும்பிப் போய் எடுத்துக்கோன்னு அர்த்தம்னு ஆய்வாளர்கள் சொல்லி, இப்ப நினைவிடத்துச் சுவர்லயே பெருசா செதுக்கி வெச்சிருக்காங்க. பின்னாடி ஒரு வரலாற்றாளர் இல்லப்பா, அந்த காலத்துல வெள்ளைக்காரங்க சவப்பெட்டிலயும் இதயம் போடற வழக்கம் உண்டு, இது அதுவா இருக்கலாம்னு எழுதினாரு. எனக்கு ரெண்டுல எதுவா இருந்தாலும் சரிதான். பெட்டி மேல துணி போத்தக்கூடாதுன்னு சட்டம் இருந்த ஊர்ல, எவனோ ஒருத்தன் 51 ஆணி தேத்தி, ஒக்காந்து ஒண்ணொண்ணா அடிச்சிருக்கான். ஆணி ஓசிலயா கெடச்சிருக்கும்?

340-ம் நம்பர் கல்லறைகிட்ட பொண்டாட்டி நின்னுட்டா. வயசான பொம்பளை, பல்லு அராவினவங்க, அதாவது ஆஃப்ரிக்கால பொறந்தவங்க. இடுப்பச் சுத்தி மணி, 100-க்கும் மேல, நீலமும் பச்சையுமா கண்ணாடி மணி, நடுவுல சோழி. நான் போர்டப் படிச்சு, எவ்ளோ அழகு பாரேன்னேன். அவ மெதுவா, "அரைஞாணக்கூட அறுக்காம அனுப்பியிருக்காங்க" அப்படின்னா.

வெளிநாட்டுல பொறந்து வளந்த பசங்க இத படிச்சா புரியாது, அதனால சொல்றேன். எங்க பக்கம் ஒருத்தர் செத்தா காதுல மூக்குல இருக்கறத எல்லாம் கழட்டி கடைசில இடுப்புல இருக்கற அரைஞாண் கயித்தையும் அறுத்துடுவாங்க. போகும்போது அரைஞாண் கயிறுகூட கூட வராதுடான்னு எங்க ஆத்தா எதுக்கெடுத்தாலும் சொல்லும். அது இருக்கறவனுக்கு சொல்ற புத்தி. கப்பல்ல ஏத்தறப்ப உடுத்தின துணியக்கூட உருவிட்டு அனுப்பின ஒரு பொம்பளைக்கு, அந்த மணி எப்படி கெடச்சுது, எத்தன வருஷம் மறச்சு வெச்சிருந்தாங்க, இல்ல இங்க வந்து ஒண்ணொண்ணா சேத்தாங்களா? அவங்க செத்தப்ப கழுவி துணி சுத்தினவங்களும் ஒண்ணும் இல்லாதவங்கதான். அந்த மணிய வித்திருக்கலாம், மகளுக்குக் கட்டிவிட்டிருக்கலாம். கட்டின கட்டோட மண்ணுக்குள்ள வெச்சிருக்காங்க. நான் செக்கிங்ல கழட்டின பெல்ட்டை அப்பதான் மாட்டிக்கிட்டு வந்திருந்தேன், பேசாம நின்னேன்.

இந்த மணியெல்லாம் அசலா நாம பாக்க முடியாது. மணி, பட்டன், ஊசி எதையும் ம்யூசியத்துக்குன்னு எடுத்து வெச்சிக்கல, நகல் எடுத்துக்கிட்டு அசல அவங்கவங்க பெட்டிலயே திருப்பி வெச்சுட்டாங்க. 2003-ல திருப்பிப் பொதைச்சப்ப கானால கையால செதுக்கின 419 மரப்பெட்டி வந்துச்சு. வாஷிங்டன்லேர்ந்து பால்டிமோர், வில்மிங்டன், ஃபிலடெல்ஃபியான்னு ஊர் ஊரா நிறுத்தி நிறுத்தி ஊர்வலம், ஒவ்வொரு ஊர்லயும் சர்ச்ல மணி அடிச்சு, பாட்டு பாடி. கடைசியா படகுல வால் ஸ்ட்ரீட் கரையில எறக்கினாங்க. அடிமைச் சந்தை இருந்த அதே கரை. அங்கேர்ந்து குதிரை வண்டில பிராட்வே வழியா, ட்ரினிட்டி சர்ச் பக்கமாத்தான் வடக்க போகணும். அக்டோபர் 4 அன்னிக்கு ஏழு பெரிய பெட்டகத்துல வெச்சு எறக்கி மண்ணு போட்டாங்க. ஆயிரக்கணக்குல கூட்டம். 12-க்கு அப்புறம் யாரும் எண்ணல.

இப்ப வெளிய அந்த ஏழு மேடும் புல்லு மொளச்சு இருக்கு, பக்கத்துல ரோட்டுல போற பஸ் ஹாரன். ஹெயிட்டி வம்சாவளி ஆர்க்கிடெக்ட் ராட்னி லியோன் டிசைன் பண்ணின கறுப்பு கிரானைட் நினைவிடம், 2007-ல தெறந்தாங்க. உள்ள எறங்கற மாதிரி சறுக்குப் பாதை, சுத்தி சின்னங்க. கட்டடமா அருமையா இருக்கு, ஆனா எனக்கு அந்தப் புல்லு மேடுதான் கட்டிப் போட்டுச்சு. மிச்ச ஆயிரக்கணக்கானவங்க இன்னும் சுத்துவட்டாரத்துல ரோட்டுக்கும் ஆபீஸுக்கும் அடியிலதான் இருக்காங்க. நாம கார் பார்க்கிங் தேடிச் சுத்தற அதே தெருவுக்கு அடியில.

கடைசில சொல்றேன்னேன்ல. 2020 மே மாசம் எங்க அப்பா போயிட்டாரு. கொரோனா இல்ல, ஹார்ட்டு. ஃப்ளைட்டு கெடையாது, கவர்மெண்ட் விட்ட வந்தே பாரத் ஸ்பெஷல் ஃப்ளைட்டுக்குப் பேரு குடுத்துட்டு கெடந்தேன். மூத்த பையன் நான், கொள்ளி வெக்க வேண்டியவன், ஜெர்சில அடுப்படில நின்னுக்கிட்டு ஃபோன்ல பாத்தேன், சித்தப்பா பையன் கொள்ளி வெச்சான். சாவுக்கு 20 பேருதான்னு ரூல் அப்போ. ஊருக்கு ஒரு அதிகாரி வந்து நின்னு எண்ணிட்டாரு, தப்படிக்கற நாலு பேரையும் சேத்துத்தான் 20-ன்னு சொல்லிட்டாரு, அதனால தப்பு வேணாம்னு நிறுத்திட்டாங்க. எங்க அப்பா தப்பு சத்தம் இல்லாம போனாரு. அந்த ரூலு நோய்க்காக வந்தது, எல்லாருக்கும் பொது, நியூயார்க் சட்டத்தோட அத ஒண்ணா வெச்சா நான் பெரிய முட்டாள். ஆனா அந்தச் செவுத்துல 12-ன்னு எண்ணப் பாத்த ஒடனே என் வயிறு கணக்கு போட்டுடுச்சு, மூளை அப்புறம்தான் வந்துச்சு.  அம்மா, அப்பா, கூடப்பொறந்தவங்கன்னா அதுக்கே சரியாப் போச்சு. பக்கத்து வீட்டு சிநேகிதி வரலாமா? யாரு போலாம் யாரு வேணாம்னு எந்த அடுப்படில ஒக்காந்து முடிவு பண்ணியிருப்பாங்க? எங்க வீட்டுல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அந்தப் பட்டியல் போட்டாங்க. அத்தை பேர அடிச்சாங்க, அந்த வருத்தம் இன்னிக்கும் தீரல.

அந்த வீடியோவ அஞ்சு வருஷமா நான் திரும்பப் பாத்ததில்ல. அன்னிக்கு ரெண்டு பேரும் ரயில்ல திரும்பி வர்றப்ப, நியூபோர்ட் ஸ்டேஷன் தாண்டினதும் எடுத்துப் பாத்தேன், சத்தத்த கொறச்சுட்டு. சித்தப்பா பையன் ஃபோன ஒரு கையில புடிச்சிக்கிட்டு, "அண்ணே தெரியுதாண்ணே, அண்ணே கட்டாவுதாண்ணே"ன்னு கேட்டுட்டே இருக்கான். ஒரு எடத்துல அவனுக்கு கை நடுங்கி கேமரா சாஞ்சு போயி, சிதைய விட்டுட்டு அந்தாண்ட வாய்க்கா கரைய காட்டுது, ஒரு ரெண்டு மூணு செகண்டு. கரை மேல ஆளுங்க. சட்டப்படி அவங்க சாவுல இல்ல, வாய்க்கா கரைல நிக்கறாங்க, அவ்ளோதான். முப்பது நாப்பது பேர் இருக்கும். அடிச்ச பேரு அத்தை இருக்கு, சேலை நெறத்த வெச்சு கண்டுபுடிச்சேன். தப்பு வேணாம்னு திருப்பி அனுப்பின நாலு பேரும் இருக்காங்க, தப்பு தோள்ல தொங்குது. பொண்டாட்டி என் கையிலேர்ந்து ஃபோன வாங்கி, அந்த எடத்துல நிறுத்தி, பெருசு பண்ணி, ஒவ்வொருத்தரா யாரு யாருன்னு சொல்லிக்கிட்டு வந்தா.